விந்தணு டிஎன்ஏ சிதைவு ரிப்போர்ட்: எங்கே தப்பாகப் படிக்கிறோம்?

ரிப்போர்ட்டில் "டிஎஃப்ஐ 34%" (டிஎஃப்ஐ என்பது டிஎன்ஏ சிதைவுக் குறியீடு) என்று பார்த்ததும், குழந்தை பிறக்கும் வாய்ப்பில் 34 சதவீதம் போய்விட்டது என்று பலர் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். பார்த்த விந்தணுக்களில் அத்தனை சதவீதத்தில் டிஎன்ஏ இழை உடைந்திருக்கிறது என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. எண் ஏற ஏற கருத்தரிப்பது தாமதமாகலாம், கருச்சிதைவு ஆபத்தும் கூடும், உண்மைதான். ஆனால் 30ஐத் தாண்டியும் இயற்கையாக அப்பாவானவர்கள் இருக்கிறார்கள். உடைசலில் ஒரு பகுதியைக் கருமுட்டையே சரிசெய்துகொள்ளும். மனைவிக்கு வயது ஏறும்போது அந்தத் திறன் குறைகிறது. அதனால் கணவரின் ரிப்போர்ட்டை மனைவியின் வயதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

வேறு வேறு லேப் ரிப்போர்ட்டுகளை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது இன்னொரு தவறு. எஸ்சிஎஸ்ஏ முறையில் சாயம் ஏற்றிய ஆயிரக்கணக்கான விந்தணுக்களை இயந்திரம் படிக்கிறது. ஹாலோ முறையில் விந்தணுவை அகார் என்ற ஜெல்லில் பதித்து, அமிலமும் புரதம் நீக்கும் கரைசலும் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் சில நூறை எண்ணுவார்கள். டிஎன்ஏ நன்றாக இருந்தால் தலையைச் சுற்றிப் பெரிய வட்டம் விரியும். உடைந்திருந்தால் வட்டம் சிறுத்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வட்டத்தை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. இவை போக டனல், காமெட் என்ற முறைகளும் உண்டு. இணையத்தில் சுற்றும் "15க்குக் கீழே நல்லது, 30க்கு மேலே மோசம்" என்பது எஸ்சிஎஸ்ஏ முறையை ஒட்டி வந்த அளவு. அதைக் காமெட் ரிப்போர்ட்டில் வைத்துப் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை. எந்த முறை, அந்த லேபின் எல்லை அளவு என்ன என்று கேளுங்கள்.

சாம்பிள் கொடுத்த நேரத்தை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய ஆதங்கம். விந்தணு உருவாக எழுபது நாளுக்கு மேல் ஆகும், முதிர்ந்து வெளியே வர இன்னும் சில நாட்கள். டெங்கு மாதிரி கடும் காய்ச்சல் வந்து ஒன்றிரண்டு மாதத்தில் டெஸ்ட் எடுத்தால், அந்தக் காய்ச்சலின் பாதிப்பும் ரிப்போர்ட்டில் ஏறியிருக்கும். மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுக்காமல் முடிவுக்கு வரக் கூடாது. "நிறைய நாள் சேர்த்து வைத்தால் தரம் கூடும்" என்று பத்துப் பன்னிரண்டு நாள் காத்திருப்பவர்களும் உண்டு. நடப்பது நேர் எதிர். தேங்கி நிற்கும் விந்தணுவில் சிதைவு கூடும். லேப் சொன்ன இடைவெளியை விடாமல் பின்பற்றுங்கள். அடுத்த முறையும் அதே இடைவெளி, அதே லேப் என்றால்தான் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியும்.

அப்புறம் மாத்திரை. எண் அதிகம் என்றதும் துத்தநாகம், ஃபோலிக் அமிலம் என்று வாங்கி விழுங்குகிறோம். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்து நடந்து 2020இல் வெளியான ஆய்வில், இந்த இரண்டையும் ஆறு மாதம் சாப்பிட்ட ஆண்களுக்குக் குழந்தைப்பேறு கூடவில்லை. மாறாக, டிஎன்ஏ சிதைவு சற்று அதிகமாகவே இருந்தது. அந்தப் பணத்தையும் கவனத்தையும் காரணம் தேடுவதில் செலவிடலாம்: சிகரெட், உடல் எடை, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, தொற்று, விதைப்பையில் ரத்தக் குழாய் புடைத்திருக்கும் வெரிகோசீல். இந்தக் கடைசிப் பிரச்சினையைக் கையால் பரிசோதித்தே டாக்டர் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார். தகுந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தால் சிதைவு குறையும்.

இந்த டெஸ்ட் எல்லோருக்கும் முதல் நாளே தேவையில்லை. அமெரிக்க வழிகாட்டுதல்களும் ஆரம்பப் பரிசோதனையில் இதைச் சேர்க்கச் சொல்வதில்லை. தேவைப்படும் இடத்தில்தான் நாம் விட்டுவிடுகிறோம். இரண்டு மூன்று முறை கரு கலைந்த பிறகும் மனைவிக்கு மட்டுமே டெஸ்ட் மேல் டெஸ்ட். கணவருக்கோ "கவுண்ட் நார்மல்" என்று ஃபைலை மூடிவிடுகிறார்கள். எண்ணிக்கையும் ஓட்டமும் சரியாக இருக்கும் ஆணுக்கும் டிஎன்ஏ சிதைவு அதிகமாக இருக்கலாம். தொடர் கருச்சிதைவு என்றால் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கணவரும் கூடப் போய், இந்த டெஸ்ட் எனக்குத் தேவையா என்று அவரே கேட்க வேண்டும்.