மைனஸ் இருபதை விடப் பூஜ்யத்துக்கு அஞ்சுங்கள்

பின்லாந்தின் ஔலு நகருக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது குளிரைப் பற்றித்தான். மைனஸ் 20இல் சைக்கிளில் அலுவலகம் போக முடியுமா என்கிறார்கள். தாராளமாகப் போகலாம். கடுங்குளிரில் பனி இறுகிக் காய்ந்து டயருக்கு நல்ல பிடி கொடுக்கும். ஆளைக் கீழே தள்ளுவது பூஜ்யத்தை ஒட்டிய நாட்கள்தான். பகலில் உருகிய நீர் மாலையில் உறைந்து, அதன்மேல் மெல்லிய ஈரமும் படிந்திருக்கும். நவம்பரிலும் மார்ச்சிலும் இதை எதிர்பார்த்தே கிளம்புங்கள். காலையில் வெப்பநிலையைப் பார்த்தால் மட்டும் போதாது. முந்தைய நாள் உருகியதா, மழை பெய்ததா என்பதையும் பாருங்கள்.

முதல் செலவு டயருக்கு. கையுறையும் ஜாக்கெட்டும் பிறகு. பனிக்கட்டியைக் கவ்வ ரப்பரில் சிறு உலோக ஆணிகள் பதித்த ஆணி டயர்கள் இருக்கின்றன. அவற்றில் டங்ஸ்டன் கார்பைடு என்ற கடினமான பொருளில் முனை வைத்தவற்றையே வாங்குங்கள். சாதாரண எஃகு ஆணி தார்ச் சாலையில் சீக்கிரம் தேய்ந்துவிடும். இங்கே பலரும் வாங்கும் ஹக்கபெலீட்டா என்ற பின்னிஷ் ஆணி டயர் வகையில் டபிள்யூ106, டபிள்யூ240 என்று இருக்கும். அந்த எண்தான் ஆணிகளின் எண்ணிக்கை. ஒழுங்காகப் பனி அள்ளும் பாதைக்கு 106 போதும். உறைந்த சக்கரத் தடங்களில் ஏறி இறங்க வேண்டியிருந்தால் 240 வாங்குங்கள். பணம் ஒரு டயருக்குத்தான் இருக்கிறது என்றால் முன்சக்கரத்துக்கே போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம்; முன்சக்கரம் வழுக்கினால் விழுவதுதான். புது டயரை மாட்டியதும் முதல் 40 கிலோமீட்டராவது தார்ச் சாலையில் அழுத்தி பிரேக் பிடிக்காமல் ஓட்டுங்கள். ஆணிகள் ரப்பரில் நன்றாக அமர்ந்துகொள்ளும்.

பிரேக்கை வளைவுக்கு முன்பே, வண்டி சாயாமல் நேராக ஓடும்போதே பிடித்து முடித்துவிடுங்கள். பின்பிரேக் முதலில், முன்பிரேக் மென்மையாக. ரிம் பிரேக் (சக்கர வளையத்தைக் கட்டைகளால் அழுத்திப் பிடிப்பது) உள்ளவர்கள் சற்று முன்னதாகவே லேசாகத் தொட்டு ரிம்மில் ஒட்டிய பனியைத் துடைத்துக்கொள்ள வேண்டும். பெடலைப் பின்னோக்கி மிதித்து நிறுத்தும் பழைய பின்னிஷ் சைக்கிள்கள் இந்த ஊருக்கு அருமையானவை. பிரேக் அச்சுக்குள்ளேயே இருப்பதால் பனி அதைத் தொடாது.

ஔலுவின் 900 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சைக்கிள் பாதைகள் பல இடங்களில் சாலைக்கு அடியில் புகுந்து போகும். அந்தச் சுரங்கப் பாதைகளில் கவனம் வையுங்கள். சரிவில் வழியும் நீர் அடிவாரத்தில் தேங்கி உறையும். நீங்கள் வேகமெடுப்பதும் அங்கேதான், வெளியேறியதும் வளைவு வருவதும் அங்கேதான். இறங்கும் முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

சைக்கிளை வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளிக்கொட்டகையிலேயே நிறுத்துங்கள். உள்ளே உருகும் பனி கேபிள் உறைக்குள் இறங்கி, வெளியே போனதும் உறைந்து பிரேக்கை இறுக்கிவிடும். பெடல் சுற்றியும் சக்கரம் நகரவில்லை என்றால், பின் அச்சின் கிரீஸ் இறுகி, பெடலின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் உள்கொக்கிகள் பிடிக்கவில்லை என்று பொருள். அப்போது மட்டும் உள்ளே வைத்துச் சூடாக்கி, நன்றாக உலர்த்தி, குளிருக்கான மெல்லிய எண்ணெய் இடுங்கள். உறைந்த பூட்டில் வெந்நீர் ஊற்றவே வேண்டாம். அந்த நீரும் உறையும். பூட்டு எண்ணெய் விடுங்கள்.

உடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: கிளம்பும்போது வாசலில் சற்றுக் குளிர்ந்தால் சரியான அளவு உடுத்தியிருக்கிறீர்கள். கை, கால், காது மூன்றையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். டிசம்பரில் சூரியன் இருப்பது மூன்றரை மணி நேரம் அளவுதான். முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால், வேலை முடியும்வரை விளக்கைக் கழற்றி உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றைப் பலரும் மறக்கிறார்கள். ஆணி டயர் பிடித்து நின்றாலும், சிக்னலில் ஊன்றும் கால் வழுக்கிவிடும். உறைந்த தரையில் மழை பெய்த நாளில், காலணிக்கு மாட்டும் ஆணிப்பட்டையை வீட்டு வாசலிலேயே போட்டுக்கொண்டு ஏறுங்கள்.