ஸ்கேன் அறையில் வாய் சறுக்கும் இடங்கள்

"ஒண்ணுமில்ல, சும்மா ஒரு ரத்த டெஸ்ட்டாம்."

டாக்டர் நான்கு நிமிடம் ஆங்கிலத்தில் சொன்னதைக் கணவர் மனைவிக்குச் சொன்னது இவ்வளவுதான். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் பிறவி நிலை) இருக்குமா என்று பார்க்கும் சோதனை, விருப்பம் இருந்தால் செய்யலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம், முடிவு எப்படி வந்தால் அடுத்து என்ன வழி என்று டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கியிருந்தார். அந்தப் பெண் கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து எட்டு மாதம், கர்ப்பத்தின் பன்னிரண்டாவது வாரம். "ஓகேவா?" என்று டாக்டர் கேட்க, கணவர் தலையாட்டினார். தன்னிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ஃபைல் எடுக்கப் போன நான் பக்கத்தில் நின்றபடி பேசாமல் இருந்தேன். அப்போது தாதி வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

கர்ப்பிணிகளைப் பார்க்கும் தாதிகளும் டாக்டர்களும் ஸ்கேன் எடுப்பவர்களும் செய்யும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான் தருவேன். கணவரையோ மாமியாரையோ மொழிபெயர்க்க விடாதீர்கள். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை. பயப்படுத்த வேண்டாமே என்ற நல்ல எண்ணத்தில்தான் பாதியை விழுங்கிவிடுவார்கள். "வீட்டில் யாராவது உங்களை அடிக்கிறார்களா?" என்ற கேள்வியை அடிப்பவரையே மொழிபெயர்க்கச் சொன்னால் என்ன பதில் வரும்? அதனால் ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் ஒருமுறையாவது தனியாகப் பேசியாக வேண்டும். "நீங்க வெளியே இருங்க" என்று கணவரிடம் முறைப்பாகச் சொல்ல வேண்டியதில்லை. சிறுநீர் சாம்பிளுக்குக் கப்பைக் கொடுத்துக் கழிப்பறை வரை கூடவே நடந்து போங்கள். அந்தத் தாழ்வாரத்தில் எனக்குக் கிடைத்த பதில்கள் டாக்டர் அறையில் கிடைத்ததே இல்லை.

சரி, தமிழ் தெரிந்த தாதி இருந்தால் போதுமா? போதாது. நானே சறுக்கியிருக்கிறேன். டவுன் சிண்ட்ரோம் இருக்கும் சாத்தியம் சற்று அதிகம் என்று டாக்டர் சொன்னதை, "பிள்ளைக்கு ஏதோ குறை இருக்கலாமாம்" என்று மாற்றிவிட்டேன். 'குறை' என்று சொன்ன அந்த நொடியிலேயே நான் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அந்த அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். 'ஆபத்து' என்றால் ஏதோ நடந்தே விட்டது போலிருக்கும். 'வாய்ப்பு' என்றால் லாட்டரி அடித்தது போலிருக்கும். 'பாசிட்டிவ்' இன்னும் மோசம், நல்ல செய்தி என்று சிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணாகச் சொல்வதுதான் நல்லது: "உங்களைப் போல 200 பேர் வந்தால் ஒருவருக்கு இருக்கலாம், 199 பேருக்கு இருக்காது." இரண்டு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் நாமே ஒரு பக்கம் தள்ளுகிறோம்.

எண்ணிலும் ஒரு குழி இருக்கிறது. பத்தாவது வாரத்திலிருந்து தாயின் ரத்தத்தை எடுத்துச் செய்யும் டிஎன்ஏ சோதனையை, 'நிப்ட்' என்கிறோமே, அதைப் பலர் "99 சதவீதம் சரியா இருக்கும்" என்று அறிமுகப்படுத்துகிறார்கள். கேட்பவர் என்ன நினைப்பார்? பாசிட்டிவ் வந்தால் 99 சதவீதம் உறுதி என்று. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 வயதையொட்டிய 10,000 பெண்கள். அவர்களில் ஏறத்தாழ 8 பேரின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். சோதனை அநேகமாக எல்லாரையும் பிடித்துவிடும். மீதிப் பேரில் ஆயிரத்துக்கு ஒருவருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டினால்கூட அது 10 பேர். ஆக, பாசிட்டிவ் வந்த 18 பேரில் பாதிக்கும் மேற்பட்டோரின் குழந்தைக்கு அது இல்லை. நாற்பது வயதுக்காரருக்கு இந்தக் கணக்கு வேறு, அங்கே பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் உண்மைதான். நிப்ட் சல்லடை மட்டும்தான். உறுதி செய்வது, வயிற்றில் ஊசி செலுத்திக் குழந்தையைச் சுற்றியுள்ள நீரை எடுத்துப் பார்க்கும் பனிக்குட நீர்ச் சோதனை போன்றவை. அந்தச் சோதனையில் கரு கலையும் சாத்தியம் சிறிதளவு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். இதையெல்லாம் சொல்லாமல் "எல்லாரும் எடுக்கிறதுதான், கையெழுத்துப் போடுங்க" என்று படிவத்தை நீட்டுவதற்குச் சம்மதம் என்று பெயரில்லை.

"அதுக்கெல்லாம் நேரம் எங்கே?" என்பார்கள். இங்குள்ள கேகே மகப்பேறு மருத்துவமனையில் 1966இல் ஒரே ஆண்டில் 39,000க்கும் அதிகமான குழந்தைகள் பிறந்தன. அன்றைக்கு அப்படிச் சொல்லியிருந்தால் நியாயம். இன்று நாடு முழுவதிலும் பிறக்கும் குழந்தைகளே அதைவிடக் குறைவு.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: வழக்குக்குப் பயந்து எல்லா ஆபத்தையும் கொட்டிவிடுவது. பிரிட்டனின் மான்ட்கோமரி வழக்கு ஒரு கர்ப்பிணியைப் பற்றியதுதான். நீரிழிவு உள்ளவர், உருவத்தில் சிறியவர். பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் சாத்தியம் 9 முதல் 10 சதவீதம். டாக்டர் அதைச் சொல்லவில்லை. குழந்தை மூளைவாதத்துடன் பிறந்தது. நோயாளிக்கு எது முக்கியம் என்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று 2015இல் அங்கே தீர்ப்பு வந்தது. 2017இல் நம் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏறக்குறைய அந்த வழியில் போனது. அப்புறம் பலர் பக்கம் பக்கமாக வாசித்துக் காட்ட ஆரம்பித்தார்கள். அந்தப் போக்கு கவலை தரவே, சிவில் சட்டத்தைத் திருத்தி 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். சக மருத்துவர்கள் ஏற்கும் முறையில், அந்த நோயாளிக்கு எது தேவைப்படுமோ அதைச் சொல்ல வேண்டும் என்பதே அதன் சாரம். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, "உங்களுக்கு எதை நினைச்சா பயமா இருக்கு?" என்று கேட்பது. பதில் சில சமயம் மருத்துவமே அல்லாததாக இருக்கும்.

அடுத்தது கடிகாரம். இருபதாவது வார ஸ்கேனில் ஏதோ சந்தேகம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கருக்கலைப்புக்குச் சட்டம் தரும் எல்லை 24 வாரம். அதைத் தாண்டினால் தாயின் உயிரைக் காக்கவோ உடலுக்கும் மனத்துக்கும் நேரும் கடுமையான நிரந்தரப் பாதிப்பைத் தடுக்கவோ மட்டும்தான். ஆலோசனை முடிந்து குறைந்தது 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பனிக்குட நீர்ச் சோதனையின் முழு முடிவு வர இரண்டு வாரம்கூட ஆகலாம். இந்த நிலையில் "அடுத்த வாரம் பார்ப்போமே" என்று அப்பாயின்ட்மென்டைத் தள்ளிப் போடுபவர், தெரிந்தோ தெரியாமலோ அந்தப் பெண்ணின் முடிவை எடுத்துவிடுகிறார். "கணவரைக் கூட்டிட்டு வந்து கையெழுத்து வாங்கிக்குங்க" என்று திருப்பி அனுப்புவதும் அப்படியே. சட்டத்தில் கணவர் கையெழுத்துக்கு இடமே இல்லை.

மனச்சாட்சி இடம் தராவிட்டால் கருக்கலைப்பில் பங்கெடுக்க மறுக்க நமக்கு உரிமை உண்டு. தாயின் உயிரைக் காக்கவோ உடலுக்கும் மனத்துக்கும் நேரும் கடுமையான நிரந்தரப் பாதிப்பைத் தடுக்கவோ உடனடியாகச் சிகிச்சை தேவைப்படும் நேரத்தில் மட்டும் அந்த உரிமை செல்லாது. ஆனால் மறுப்பதை மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். படுக்கையில் இருக்கும் பெண்ணிடம் "கடவுள் கொடுத்ததும்மா" என்று பெருமூச்சு விடுவது மனச்சாட்சியில் சேராது. "இப்படிப்பட்ட பிள்ளையை வச்சு எப்படி வளர்ப்பீங்க?" என்பதும் அதே ரகம்தான், திசை மட்டும் வேறு.

ஆணா பெண்ணா என்று சொல்வது இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம், இங்கே சொல்லலாம். சொல்லலாம் என்பதால் யாரிடமும் சொல்லலாம் என்று ஆகாது. "என்னம்மா, பேரனா?" என்று மாமியார் கேட்டதும் திரையைப் பார்த்தபடியே ஒருவர் பதில் சொல்லிவிட்டார். படுத்திருந்த தாய்க்கு அப்போதுதான் தெரியும். ஜெல் துடைக்கும் டிஷ்யூவை விரலில் சுற்றிக்கொண்டு அவர் கூரையைப் பார்த்த விதம் எனக்கு மறக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் வீட்டுப் பணிப்பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் பரிசோதனையிலும் கர்ப்பச் சோதனை இருக்கிறது. முடிவு எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியவர் அந்தப் பெண். கவுண்டரில் காத்திருக்கும் முதலாளி மேடம் அல்ல.

கடைசியாக, நம் ஊர் சின்ன ஊர், நம் சமூகம் அதைவிடச் சின்னது. பட்டியலில் தெரிந்த பெயர் வந்தால் ஃபைலைத் திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கும். உங்களுக்கு ஒப்படைக்கப்படாத ஃபைலைத் திறக்காதீர்கள். யார் திறந்தார் என்பதைக் கணினி எழுதி வைத்துக்கொள்ளும். வெளியே பார்த்தாலும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் முன்பு எங்கள் கிளினிக்கில் கருவை இழந்தவர் அம்மாவோடு எதிரில் வந்தார். பழக்கதோஷத்தில் சிரித்து, "இப்ப எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். "இவங்க யாருடி?" என்றார் அம்மா. அந்தப் பெண் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "பழைய ஆபீஸ்ல கூட வேலை பார்த்தவங்கம்மா" என்றார். அன்றிலிருந்து அவர்கள் முதலில் சிரித்தால் ஒழிய நான் யாரையும் தெரிந்தது போலக் காட்டிக்கொள்வதில்லை.