'ஊது' என்று சொல்லாதீர்கள்: நெஞ்சுச் சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சி, படிப்படியாக

ஆனி பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் இறங்கினால் செங்கோட்டை முழுக்கக் குளிர்ந்துவிடும். குற்றாலத்துக்குப் போகும் பஸ்களில் நிற்க இடம் இருக்காது. அந்த மாதங்களில்தான் எங்கள் வீட்டில் இரவு முழுவதும் அம்மாவின் இருமல் கேட்கும்.

அம்மாவுக்கு இருப்பது மூச்சுக்குழல் விரிவு நோய். டாக்டர்கள் பிராங்கியெக்டேசிஸ் என்பார்கள். இளம் வயதில் வந்த காசநோய் மருந்தில் குணமாகிவிட்டது. ஆனால் அது வலது நுரையீரலின் கீழ்மடலில் தழும்பை விட்டுப்போயிருக்கிறது. அங்கே குழல்கள் நிரந்தரமாக அகன்றுவிட்டன. சளியை மேலே ஏற்றிவிடும் நுண்ணிய மயிரிழைகள் சிதைந்துவிட்டன. சளி தேங்கினால் கிருமி வளர்கிறது, கிருமி வளர்ந்தால் குழல் மேலும் கெடுகிறது. அகன்ற குழலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து இல்லை. தினமும் சளியை வெளியே எடுத்துவிடுவது மட்டும் நம் கையில் இருக்கிறது. அதற்கான பயிற்சியை நாங்கள் ஆறு மாதம் தவறாகவே செய்தோம். எந்த இடத்தில் தவறினோம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

சளிப் பரிசோதனையில் காசநோய் இப்போது இல்லை என்று உறுதியான பிறகே இதைத் தொடங்குங்கள். பயிற்சியின்போது சளித் துளிகள் காற்றில் பறக்கும். எப்படியானாலும் ஜன்னல் திறந்திருக்கட்டும், குழந்தைகள் அருகில் வேண்டாம். சளியில் ரத்தம் வருகிறவர்கள், அண்மையில் கண்ணிலோ வயிற்றிலோ அறுவை செய்துகொண்டவர்கள், நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்து சிகிச்சை பெற்றவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது. மற்றவர்களும் முதல் முறை பிசியோதெரபிஸ்ட் ஒருவர் முன்னால் செய்து காட்டிவிடுவது நல்லது.

காலையில் வெறும் வயிற்றில் ஒரு முறை, இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை. சாப்பிட்டவுடன் செய்தால் வாந்தி வரும்.

மருந்துகளின் வரிசை

குழலை விரிக்கும் இன்ஹேலரை டாக்டர் எழுதியிருந்தால் அது முதலில். பிறகு 15 நிமிடம் காத்திருங்கள். அடர் உப்பு நீரை நெபுலைசரில் வைக்கச் சொல்லியிருந்தால் அது அடுத்தது. இது 3 சதவீதம், 7 சதவீதம் என்று மருந்துக்கடையில் கிருமி நீக்கிய குப்பியாகக் கிடைக்கும். வீட்டு உப்பைக் கரைத்து ஊற்றவே கூடாது. சிலருக்கு இந்த உப்பு நீர் குழலை இறுக்கி இளைப்பை உண்டாக்கும் என்பதால் முதல் தடவை மருத்துவமனையிலேயே கொடுத்துப் பார்ப்பார்கள். அதன் பிறகு பயிற்சி. ஸ்டீராய்டு இன்ஹேலரும், உள்ளிழுக்கும் ஆன்டிபயாட்டிக்கும் பயிற்சி முடிந்த பிறகுதான். சளி மூடிய சுவரில் மருந்து தெளித்து என்ன பயன்?

படுக்கும் நிலை

எந்தப் பக்கம் சளி தேங்குகிறதோ அந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும். அம்மாவுக்கு வலது பக்கம் பாதிப்பு, ஆகவே இடது பக்கமாக ஒருக்களித்துப் படுப்பார். கயிற்றுக் கட்டில் குழிந்து உடம்பை மடக்கிவிடும். தரையில் பாய் விரித்து, தலைக்கு ஒரு மெல்லிய தலையணை போதும்.

பழைய முறையில் கால்பக்கத்தை உயர்த்தித் தலையைத் தாழ்த்துவார்கள். அம்மாவுக்கு நெஞ்செரிச்சல் உண்டு, தலை தாழ்ந்தால் புளித்த நீர் தொண்டைக்கு ஏறி அதுவே மூச்சுக்குழலில் இறங்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், படுத்தால் மூச்சுத் திணறுகிறவர்களுக்கும் அது ஆகாது. படுக்க முடியாதவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தே எல்லாவற்றையும் செய்யலாம்.

மூச்சு மூன்று வகை

லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையின் இயன்முறை மருத்துவர்கள் வளர்த்தெடுத்த முறை இது. மூன்று வகை மூச்சைச் சுழற்சியாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

முதலாவது, அமைதி மூச்சு. தோளைத் தளர்த்தி, வயிற்றில் ஒரு கை வைத்து, மூக்கால் மெல்ல இழுத்து மெல்ல விடுவது. அரை நிமிடமோ ஒரு நிமிடமோ, மூச்சு சீராகும்வரை.

இரண்டாவது, ஆழ்ந்த மூச்சு. விலா விரிய மூக்கால் இழுத்து, 3 நொடி நிறுத்தி, முக்காமல் தானாக வெளியே போக விடுவது. 3 அல்லது 4 தடவை போதும். அதற்கு மேல் போனால் தலை சுற்றும். நொடி எண்ணச் சொன்னால் அம்மா அவசரப்பட்டுவிடுவார். ஆகவே பண்பொழி திருமலைக் குமரனை மனதுக்குள் நிதானமாக மூன்று முறை கூப்பிடச் சொன்னேன். கணக்கு சரியாக வந்துவிட்டது.

அந்த 3 நொடியைத் தவிர்க்காதீர்கள். புட்டுக் குழலிலிருந்து புட்டை எப்படி எடுக்கிறோம்? பின்பக்கத்திலிருந்து குச்சியால் தள்ளுகிறோம். சளியைத் தள்ள வேண்டிய குச்சி காற்றுதான். நேர்வழி சளியால் அடைபட்டிருப்பதால் பக்கத்துச் சிற்றறைகளின் நுண்வழிகள் மூலம்தான் காற்று சளிக்குப் பின்னால் போய்ச் சேர முடியும். அதற்கு நேரம் வேண்டும்.

மூன்றாவதுதான் எங்களை ஆறு மாதம் அலைக்கழித்தது.

'ஹா'

முதலில் எங்களுக்குக் கொடுத்த ஒரு பக்கத் தாளில் 'வேகமாகக் காற்றை ஊதவும்' என்று அச்சிட்டிருந்தது. நானும் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து "ஊது அம்மா, ஊது அம்மா" என்று சொன்னேன். அம்மா ஊதினார். நாற்பது வருடம் விறகடுப்பில் ஊதாங்குழலால் ஊதிய வாய் அது. உதடுகள் குவிந்தன, கன்னம் உப்பியது, 'ஃபூ' என்று காற்று வந்தது. சளி வரவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் இருமத் தொடங்குவார். இருமி இருமி முகம் சிவந்து, நெஞ்சு பிடித்துக்கொண்டு, இளைப்போடு படுத்துவிடுவார்.

பிறகு ரயிலேறிக் கேரளத்துப் புனலூரில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்தோம். அந்தப் பெண் அம்மா ஊதுவதை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "ஊதண்ட அம்மே" (ஊத வேண்டாம் அம்மா) என்று கையைப் பிடித்துக்கொண்டார். மேசை மேலிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்து, துடைப்பதற்கு முன் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அம்மா வாயை அகலத் திறந்து கண்ணாடியில் 'ஹா' என்று ஆவி படிய விட்டார். அதேதான், அதையே கொஞ்சம் வேகமாக, வயிற்றை உள்ளே இழுத்துச் செய்யுங்கள் என்றார். மூன்றாவது 'ஹா'வில் நெஞ்சுக்குள் கரகரவென்று ஏதோ நகரும் சத்தம் எனக்கே கேட்டது.

நான் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த சொல்லே தவறு. தமிழில் 'ஊது' என்றாலே உதடு குவிந்துவிடும். குவிந்த உதடும் உப்பிய கன்னமும் காற்றின் வேகத்தை வாயிலேயே தடுத்துவிடும். இதற்கு வாயும் தொண்டையும் திறந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் சொல்லிக்கொடுக்கும்போது 'ஹா விடு' என்று சொல்லுங்கள்.

வாய் மூடிக்கொண்டே இருந்தால், நுரையீரல் சோதனையில் பயன்படுத்தும் அட்டைக் குழாய் ஒன்றைப் பற்களுக்கிடையே நாக்குக்கு மேல் வைத்து அதன் வழியாக 'ஹா' விடச் சொல்லுங்கள். எங்களுக்கு முதல் வாரம் அது உதவியது.

'ஹா' இரண்டு விதம். முதலில் பாதி மூச்சு மட்டும் இழுத்து, நீளமான, தணிந்த 'ஹாஆஆ'. இது ஆழத்தில் உள்ள சிறு குழல்களிலிருந்து சளியை மேலே கொண்டுவரும். சளி மேலே வந்துவிட்டதாகத் தோன்றும்போது முழு மூச்சு இழுத்து, குட்டையான, வேகமான 'ஹா!'. இது பெரிய குழலிலிருந்து வாய்க்குக் கொண்டுவரும். எப்போது மாற்றுவது என்பதைக் காது சொல்லும். கரகரப்பு வெளிவிடும் மூச்சின் கடைசியில் கேட்டால் சளி இன்னும் ஆழத்தில் இருக்கிறது, தொடக்கத்திலேயே கேட்டால் மேலே வந்துவிட்டது. ஒரு சுற்றுக்கு ஒன்றோ இரண்டோ 'ஹா' போதும். உடனே அமைதி மூச்சுக்குத் திரும்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் குழல் இறுகி இளைப்பு வரும்.

பலமாக இருமினால் என்ன என்று கேட்கலாம். நோயுற்ற குழலின் சுவர் நைந்திருக்கும். வேகமாக முக்கி இருமும்போது நெஞ்சின் அழுத்தமே அந்தக் குழலைக் காலால் மிதித்த ரப்பர் குழாயைப் போல மூடிவிடுகிறது. மூடிய இடத்துக்குப் பின்னால் சளி சிக்கிக்கொள்ளும். சளி தொண்டைக்கு வந்த பிறகு ஓர் இருமல், அது துப்புவதற்கு மட்டும்.

அமைதி மூச்சு, ஆழ்ந்த மூச்சு, அமைதி மூச்சு, 'ஹா'. இப்படியே சுற்றுங்கள். அடுத்தடுத்து இரண்டு 'ஹா' வறட்டுச் சத்தமாக, சளியின்றி வந்தால் அன்றைக்கு முடிந்தது. சளி மிச்சமிருந்தாலும் களைத்துவிட்டால் நிறுத்துங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

கருவிகள்

'ஹா' சரியாக வராமல் கருவி வாங்குவது காசைக் கரைப்பது. வந்த பிறகு வாங்கினால் அது துணை. புகைக்கும் குழாய் வடிவில், உள்ளே எஃகுக் குண்டு உருளும் ஃப்ளட்டர் ஒரு வகை. மூச்சு விடும்போது குண்டு துள்ளி, அதிர்வு நெஞ்சு வரை போய்ச் சளியை இளக்கும். ஆனால் பிடிக்கும் சாய்வு கொஞ்சம் மாறினாலும் அதிர்வு போய்விடும், நடுங்கும் கைகளுக்கு அது தொல்லை. அகாபெல்லா என்ற வகை எந்தக் கோணத்திலும் வேலை செய்கிறது, படுத்துக்கொண்டும் பயன்படுத்தலாம். வயதானவர்களுக்கு நான் அதையே சொல்வேன். கருவியில் மூச்சு விடும்போது மட்டும் உதடு இறுகப் பொருந்த வேண்டும், கன்னம் உப்பக் கூடாது. 10 முதல் 15 மூச்சு, பிறகு 'ஹா'. தினமும் சோப்பு நீரில் கழுவி நன்றாகக் காயவையுங்கள். ஈரக் கருவி கிருமிக்கு வீடு.

காசு இல்லாதவர்களுக்குப் புட்டி முறை உண்டு. வாய் திறந்த புட்டியில் 10 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர், அடிவரை ஒரு குழாய், அதன் வழியாகக் குமிழி எழும்ப மெல்ல மூச்சு விடுவது. குழாயின் உள்விட்டம் 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. குளிர்பானம் குடிக்கும் மெல்லிய குழல் உதவாது, அது அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றிவிடும். காய்ச்சி ஆறிய நீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் கொட்டிவிடுங்கள். குழாய் வழியாக உறிஞ்சக் கூடாது.

முதுகில் தட்டுவதை நான் விட்டுவிட்டேன். எலும்பு தேய்ந்த முதுகு அது, மேலும் தட்டுகிறவர் ஊரில் இல்லாத அன்று பயிற்சி நின்றுவிடும். தைலம் போட்டு ஆவி பிடிப்பது மூக்குக்கு இதமாக இருக்கும், நெஞ்சின் ஆழத்துச் சளியை எடுக்காது. இருமலை அடக்கும் சிரப்பை டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

சளியை மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில் துப்பச் செய்து, அளவையும் நிறத்தையும் நாட்காட்டியில் குறித்துவைக்கிறேன். அளவு கூடினாலோ, வழக்கத்தைவிடப் பச்சையாக மாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் போகிறோம். புதிய ரத்தம் வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனை. அதிகமாக வந்தாலோ, திடீர் நெஞ்சுவலியோடு மூச்சு அடைத்தாலோ 108.

பிறகு சேர்த்தது

வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்ட லயத்தில் இருக்கும் ஒருவர், தன் அப்பாவுக்கு 'ஹா' விடும்போது பல்செட் நழுவுகிறது என்று எழுதியிருந்தார். கழற்றிவைத்துவிட்டுச் செய்யட்டும். ஒரே அறைதான், எங்கே செய்வது என்றும் கேட்டிருந்தார். மழை அடிக்காத நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து செய்யலாம். சுவரில் சாய்ந்தாலோ, முழங்கையைத் தொடையில் ஊன்றினாலோ மூச்சு எளிதாகும்.

இன்னொன்றும்

களியக்காவிளையிலிருந்து ஒரு பெண் தயங்கித் தயங்கி எழுதினார். வேகமான 'ஹா' விடும்போது சிறுநீர் கசிகிறது, அதனால் பயிற்சியையே விட்டுவிட்டேன் என்றார். படித்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. அம்மா முதல் 'ஹா'வை நன்றாக விடுவார், இரண்டாவதைப் பாதியில் நிறுத்திவிடுவார். களைப்பு என்று நினைத்திருந்தேன். அன்று இரவு, யாரும் இல்லாதபோது கேட்டேன். அம்மா தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு வருடமாக என்னிடம்கூடச் சொல்லவில்லை.

பல வருடம் இருமியவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தை பெற்ற பெண்களுக்கு, இடுப்பின் அடித்தளத் தசை தளர்ந்து இப்படி ஆவது மிகவும் சாதாரணம். புனலூர் பிசியோதெரபிஸ்ட்டிடம் போனில் கேட்டேன். 'ஹா'வுக்குச் சற்று முன், சிறுநீரை அடக்குவதுபோல் தசையை உள்நோக்கி இறுக்கிப் பிடித்து, 'ஹா' முடிந்த பிறகு விட வேண்டும். அதே தசையை நாள்தோறும் தனியாக இறுக்கித் தளர்த்திப் பழகவும் வேண்டும். முன்பே கழிவறைக்குப் போய்விட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து செய்வது நல்லது. ஆனால் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்கக் கூடாது, சளி கெட்டியாகிவிடும்.

இப்போது மாலைப் பயிற்சியை அம்மா நாற்காலியில் செய்கிறார். நான் அறையில் இருப்பதில்லை. கதவுக்கு வெளியே கேட்டுக்கொண்டிருப்பேன். இரண்டாவது 'ஹா' இப்போது முழுதாக வருகிறது.