கடை கம்ப்யூட்டரில் ஃபோல்டர் இடம் மாறாமல் இருக்க

சென்னை கொருக்குப்பேட்டையில் சின்ன ஜெராக்ஸ், டிடிபி கடை நடத்துகிறேன். இருப்பது ஒரே கம்ப்யூட்டர். நானும் உதவிக்கு வரும் பெண்ணும் மாறி மாறி உட்காருவோம். கூட்ட நேரத்தில் கஸ்டமரே மவுஸைப் பிடித்துவிடுவார்.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள் ஓடும். அந்த நாட்களில் காசிமேட்டிலிருந்து படகுக்காரர்கள் பேப்பர் வேலைகளுக்கு வருவார்கள். அப்படி வந்த ஓர் அண்ணனுடைய படகுப் பதிவு, ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஒரு ஃபோல்டரில் போட்டு டெஸ்க்டாப்பில் வைத்திருந்தேன். மறுநாள் அந்த ஃபோல்டரைக் காணவில்லை. ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. "ஒரிஜினல் வீட்டுல இருக்கும்மா, போய் எடுத்துட்டு வரட்டா?" என்று அவர் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகுதான் தெரிந்தது, பக்கத்தில் இருந்த கல்யாணப் பத்திரிகை ஃபோல்டருக்குள் அது போய் உட்கார்ந்திருந்தது. யாரோ கிளிக் செய்யும்போது மவுஸ் ஒரு நூல் அளவு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஃபைல் தொலைவது பெரும்பாலும் இப்படித்தான். வைரஸ் எல்லாம் அப்புறம்.

அப்படி ஆகிவிட்டால் முதலில் எதையும் தொடாதீர்கள். கண்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்துங்கள். கடைசியாகச் செய்த நகர்த்தல் திரும்பிவிடும். அன்று எனக்கு இது தெரியாது. ஆனால் நேரம் கடந்துவிட்டால் இது கைகொடுக்காது, தேடித்தான் ஆக வேண்டும். தேடுவதற்குப் பெயர் வேண்டும். "ஸ்கேன்0001" என்று மெஷின் வைத்த பெயரை அப்படியே விட்டால் எதை வைத்துத் தேடுவது? எங்கள் ஏரியாவில் முருகன் என்ற பெயரில் மட்டும் எத்தனை பேர்! அதனால் நான் பெயர், தெரு, தேதி என்று எழுதுகிறேன். தேதியில் ஆண்டு முதலில் வரட்டும்: 2025-04-22. அப்போதுதான் வரிசை சரியாக நிற்கும். நாம் வழக்கமாகப் போடும் சாய்கோட்டை விண்டோஸ் பெயரில் ஏற்காது, சின்னக் கோடு போடுங்கள்.

இப்போது முக்கியமான ஏற்பாடு. டெஸ்க்டாப்பில் உண்மையான ஃபோல்டர் ஒன்றுகூட வைக்காதீர்கள். டி டிரைவில் இரண்டு ஃபோல்டர் போதும்: ஒன்று "நடப்பு", இன்னொன்று "முடிந்தது". ஒவ்வொன்றின் மீதும் ரைட் கிளிக் செய்து, 'சென்ட் டூ' வழியாக டெஸ்க்டாப்புக்கு ஷார்ட்கட் அனுப்புங்கள். ஷார்ட்கட் என்பது அசல் ஃபோல்டரைத் திறந்துவிடும் வெறும் ஐகான்தான். விண்டோஸ் 11-ல் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்தினால் அது வரும். ஷார்ட்கட்டை யார் இழுத்தாலும், அழித்தாலும், உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. இன்னொரு நன்மையும் உண்டு: டெஸ்க்டாப் இருப்பது சி டிரைவில். சர்வீஸ் செய்பவர் சி-யை ஃபார்மட் அடித்தால் டெஸ்க்டாப்பும் சேர்ந்து போய்விடும்.

சிலர் டெஸ்க்டாப்பையே டி-க்கு மாற்றிவிடுவார்கள். டெஸ்க்டாப் ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் 'லொகேஷன்' பகுதியில் 'மூவ்' இருக்கிறது. செய்யலாம், ஆனால் டி-க்குள் தனியாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதைக் காட்டுங்கள். வெறும் டி டிரைவைக் காட்டினால் அந்த டிரைவ் முழுவதுமே டெஸ்க்டாப் ஆகிவிடும், திரும்ப எடுப்பது பெரும் பாடு.

"ப்ராப்பர்ட்டீஸில் ரீட் ஒன்லி (படிக்க மட்டும்) டிக் போட்டிருக்கிறேனே" என்று பக்கத்து மெடிக்கல் கடைத் தம்பி சொன்னார். அதை நம்ப வேண்டாம். ஃபோல்டரை இழுப்பதையும் அழிப்பதையும் அது தடுக்காது. "முடிந்தது" ஃபோல்டரைப் பூட்ட நான் செய்தது வேறு. செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய், உதவிக்கு இருக்கும் பெண்ணுக்குத் தனி அக்கவுன்ட், 'ஸ்டாண்டர்ட் யூசர்' (அட்மின் உரிமை இல்லாதது) என்று போட்டேன். அப்புறம் "முடிந்தது" ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. முதலில் என் பெயரைச் சேர்த்து 'ஃபுல் கண்ட்ரோல்' கொடுத்தேன். பிறகு, டிரைவிலிருந்து தானாக வரும் அனுமதிகளை நிறுத்தும் 'டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ்' அழுத்தி, 'கன்வெர்ட்' என்று தொடங்கும் முதல் வரியைத் தேர்ந்தெடுத்து, உள்ளே நுழைந்த எல்லோருக்கும் மாற்றும் அனுமதி தரும் 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' என்ற வரியை மட்டும் நீக்கினேன். 'யூசர்ஸ்' வரியில் படிக்கும் அனுமதி மட்டும் மிஞ்சும். அவள் திறந்து பிரின்ட் எடுக்கலாம், மாற்ற முடியாது, அழிக்கவும் முடியாது. அவளுக்கும் இது நிம்மதி. எது காணாமல் போனாலும் அவள் முகத்தைப் பார்ப்பது நின்றது. வேலை நடக்கும் ஃபோல்டருக்கு இந்தப் பூட்டு வேண்டாம், சேமிக்கவே விடாது.

மவுஸ் நழுவுவதையும் குறைக்கலாம். மவுஸ் 4 பிக்சல் நகர்ந்தாலே விண்டோஸ் அதை இழுப்பதாக எடுத்துக்கொள்ளும். விண்டோஸின் உள் அமைப்புகளை மாற்றும் ரிஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறங்கள். அதில் கரன்ட் யூசரின் கீழ் கண்ட்ரோல் பேனல், அதற்குள் டெஸ்க்டாப். அங்கே டிராக்ஹைட், டிராக்விட்த் என்று இரண்டு இருக்கும். இரண்டையும் 40 ஆக்கி, சைன் அவுட் செய்து உள்ளே வாருங்கள். ரிஜிஸ்ட்ரியில் வேறு எதிலும் கை வைக்காதீர்கள்.

ஆதார் நகல்கள் தனிக் கதை. பிரின்ட் கொடுத்ததும் ஷிஃப்ட்டும் டெலீட்டும் அழுத்தி அழித்துவிடுகிறேன், ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. இன்னொருவருடைய ஆதாரை நம் கம்ப்யூட்டரில் வைத்திருக்க நமக்கு என்ன உரிமை? மற்ற ஃபைல்களுக்கு ஷிஃப்ட் டெலீட் பக்கமே போகாதீர்கள்.

டி டிரைவும் பெரும்பாலும் அதே டிஸ்கின் இன்னொரு பாதிதான். டிஸ்க் செத்தால் இரண்டும் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். சிபியு தரையில்தான் இருந்தது. அன்றிலிருந்து சனிக்கிழமை இரவு ஷட்டர் இறக்குமுன் இரண்டு ஃபோல்டரையும் வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்து, மாடி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறேன். கடையிலேயே வைத்தால் அதுவும் சேர்ந்து நனையும். காப்பி முடிந்ததும் அந்த டிஸ்கிலிருந்தே ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது காப்பி.