வளவு வீட்டுக்குள் ஒரு கனவு ஊர்: எழுதும் முறை

பலன் கொடுத்துச் செயலை மாற்றலாம் என்னும் நடத்தை உளவியலைக் கொண்டு ஓர் ஊரையே வடிவமைக்கும் கதை எழுதப் போகிறீர்களா? கதாபாத்திரங்களை அப்புறம் பார்க்கலாம், முதலில் கணக்கை எழுதுங்கள். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1948இல் வெளியிட்ட 'வால்டன் டூ' நாவலில் சுமார் 1,000 பேர் வாழ்கிறார்கள். பணத்துக்குப் பதில் செய்த வேலைக்கு 'உழைப்பு மதிப்பு' வரும்; ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு சேர்க்க வேண்டும், ஆண்டுக்கு 1,200. சாக்கடை வேலைக்கு மணிக்கு 1.5 கிடைக்கும், பூந்தோட்டத்துக்கு வெறும் 0.1. அங்கே அதட்ட ஆளில்லை, அந்த விகிதமே ஆட்களை வேலைக்கு நகர்த்துகிறது.

இதைக் காரைக்குடிப் பக்கம் நடக்கும் கதையாக்கினால், அந்த மதிப்பைப் 'புள்ளி' என்று எழுதாதீர்கள். செட்டிநாட்டில் கல்யாணமான ஆணின் குடும்பம்தான் ஒரு புள்ளி, கோயில் வரி அதை வைத்துத்தான். 'வரவு' என்று வைத்தால் குழப்பம் இல்லை.

அடுத்து, எண்ணக்கூடிய ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள். 'ஒற்றுமை'யை எண்ண முடியாது. ஊருணியில் தூர் வாரிய கூடைகளை எண்ணலாம். தூர் வார மணிக்கு 1.5 வரவு என்றால் 2 மணி 40 நிமிடத்தில் அன்றைய கடமை முடிந்துவிடும். முகப்பில் உட்கார்ந்து கணக்கெழுத 0.8 என்றால் ஐந்து மணி நேரம். இந்த வித்தியாசமே பாதிக் கதையை நடத்தும்.

வரவை எப்போது தருகிறீர்கள் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இருபது கூடைக்கு ஒருமுறை என்றால், இருபதாவது கூடையைக் கொட்டியதும் ஆள் கரையேறி உட்கார்ந்துவிடுவார். வெள்ளிக்கிழமைதோறும் வேலையைப் பார்த்து வரவு என்றால் வியாழன் சாயங்காலம்தான் மண்வெட்டிச் சத்தம் கேட்கும். எந்தக் கூடைக்கு வரும் என்றே தெரியாவிட்டால் கை ஓயாது. சூதாட்டத்தில் ஆள் எழுந்திருக்க முடியாமல் போவதும் இதனால்தான், ஆகவே உங்கள் நாவலின் அறக்கேள்வியை இங்கே வையுங்கள். வரவை நிறுத்தினால் மறுநாளே ஊர் சும்மா இருந்துவிடாது. முதலில் வேகம் கூடும், எரிச்சல் வரும், பிறகுதான் அடங்கும்.

இன்னொரு பிழை: எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்று எழுதுவது. தொல்லை ஒன்று நீங்குவதால் ஒரு செயல் பெருகுவதே எதிர்மறை வலுவூட்டல்.

செட்டிநாட்டுக் களத்துக்கே உரிய சிக்கல் அடுப்பில் இருக்கிறது. ஸ்கின்னரின் ஊரில் பொதுச் சமையல். இங்கே கல்யாணமான மகனை 'வேறு வைப்பார்கள்': ஒரே கூரை, ஒரே வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்வீடு), ஆனால் தனி அடுப்பு, தனி அரிசி, உப்பு வைக்கத் தனி மரவை (மரக் கிண்ணம்). ஒரு வீட்டுக்குள் இத்தனை குடும்பங்கள் முட்டிக்கொள்ளாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. ஊரை வடிவமைக்கும் உங்கள் திட்டக்காரர் அதைத் தடை செய்தால் ஒளிவுமறைவுதான் வளரும். பொதுப் பந்தியில் சாப்பிட்டால் சமையல் நேரம் மிச்சம் என்று அவர் ஆசை காட்டட்டும்.

வர்ஜீனியாவில் 1967இல் இந்நாவலைப் பார்த்துத் தொடங்கிய ட்வின் ஓக்ஸ் சமூகம், வேலைக்கு வேலை மாறும் விகிதத்தைக் காலப்போக்கில் கைவிட்டு, எந்த வேலையானாலும் ஒரு மணிக்கு ஒரு மதிப்பு என்றாக்கியது. உங்கள் ஊரும் நடுவில் ஒருநாள் அப்படிக் கேட்கட்டும். அன்றைக்கு மூன்று வேளையும் பந்தியில் சாப்பிட்டு வரவெல்லாம் சரியாக வைத்திருக்கும் ஓர் ஆச்சி, விடியற்காலை வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் தன் அடுப்பைப் பற்றவைத்து ஒரு டம்ளர் காபி மட்டும் போட்டுக்கொள்வதைக் காட்டுங்கள். அதற்கு எந்த ஏட்டிலும் வரவு கிடையாது.