தேடல் முடிவுகளைத் தூர வரிசையில் அடுக்குவது எப்படி: பாகான் டத்தோவிலிருந்து ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள பாகான் டத்தோவில் இருந்துகொண்டு கைப்பேசியில் இரத்தச் சுத்திகரிப்பு மையம் ஒன்றைத் தேடுபவர் முதலில் அறிய வேண்டியது, பட்டியலின் உச்சியில் வருவது மிக அருகில் உள்ள இடமாக இருக்க வேண்டியதில்லை என்பதே. உள்ளூர் முடிவுகளை அடுக்கும்போது தேடிய சொல்லோடு பொருத்தம், தூரம், அந்த இடம் பெற்றிருக்கும் புகழ் ஆகிய மூன்றையும் கலந்து பார்ப்பதாகக் கூகுள் நிறுவனமே சொல்கிறது. அதனால் ஏராளமான மதிப்புரைகளைக் குவித்து வைத்திருக்கும் தொலைவான ஈப்போ மையம் ஒன்று, பக்கத்து ஊரான தெலுக் இந்தானில் அமைதியாக இயங்கிவரும் சிறிய மையத்தை முந்திக்கொண்டு வரக்கூடும். வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் இயந்திரத்தோடு இருந்துவிட்டுக் களைத்துத் திரும்பும் ஒருவருக்கு, ஒருவழியில் 10 கிலோமீட்டர் கூடினால் வாரத்துக்கு 60 கிலோமீட்டர் கூடிவிடும். என் அப்பாவுக்காகத் தேடத் தொடங்கிய நாளில்தான் இந்தக் கணக்கின் கனம் எனக்குப் புரிந்தது. முடிவுகளை நாமே எடுத்துத் தூர வரிசையில் அடுக்கும் முறையைக் கீழே விளக்குகிறேன். டயர்க் கடை, பல் மருத்துவர், தமிழ்ப்பள்ளி என எதைத் தேடினாலும் முறை ஒன்றுதான்.

நாம் எங்கே இருக்கிறோம் என்பதைத் தேடுபொறி சரியாக அறிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீட்டு இணைய இணைப்பில் ஓடும் கணினிக்குப் பெரும்பாலும் ஜிபிஎஸ் கிடையாது. இணைய முகவரியை வைத்துத்தான் இடம் ஊகிக்கப்படுகிறது. அந்த ஊகம் நம்மை ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ கொண்டுபோய் நிறுத்திவிடலாம். கூகுள் தேடல் பக்கத்தின் அடியில் ஓர் ஊரின் பெயர் சிறிய எழுத்தில் காட்டப்படும். அது நம் ஊர் இல்லையென்றால், அதன் பக்கத்திலேயே இருக்கும் இடத்தைப் புதுப்பிக்கும் இணைப்பைத் தட்ட வேண்டும். கைப்பேசியில் இட அனுமதி கொடுத்திருந்தாலும், ‘துல்லிய இடம்’ என்ற தேர்வு அணைக்கப்பட்டிருந்தால் சில கிலோமீட்டர் பிசகு வரும். தேடும் நேரத்துக்காவது அதை இயக்கி வையுங்கள்.

அடுத்து, தேடும் சொல். நம் பக்கத்துக் கடைகளும் மருந்தகங்களும் பெரும்பாலும் மலாய்ப் பெயரில்தான் பதிவாகியிருக்கின்றன. எனவே ‘பூசாட் டயாலிசிஸ்’ (இரத்தச் சுத்திகரிப்பு மையம்), ‘கெடாய் தாயார்’ (டயர்க் கடை) என்று மலாயில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை எனத் தேடுவது நல்லது. ஊர்ப் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. பாகான் டத்தோவின் பெயர் பழைய பதிவுகளில் ஒரு விதமாகவும் புதிய பதிவுகளில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கிறது. போதாக்குறைக்கு, 2017ஆம் ஆண்டு இது தனி மாவட்டமாவதற்கு முன் எழுதிய முகவரிகளில் கீழ்ப் பேராக் மாவட்டம் என்றே இருக்கும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க நான் அஞ்சல் குறியீட்டைச் சேர்த்துத் தேடுகிறேன்: பாகான் டத்தோவுக்கு 36100, ஊத்தான் மெலிந்தாங்குக்கு 36400, தெலுக் இந்தானுக்கு 36000. மூன்றையும் தனித்தனியே போட்டுத் தேடினால், பெயரை மட்டும் வைத்துத் தேடியபோது தவறிப்போன ஒன்றிரண்டு இடங்களாவது கண்ணில் படும்.

கூகுள் மேப்ஸ் செயலியில் சில வகைத் தேடல்களுக்கு, வடிகட்டிகளின் நடுவே தூரத்தை வைத்து அடுக்கும் தேர்வும் வரும். வந்தால் தட்டிப் பாருங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாமல் சொந்தமாக ஓர் அட்டவணை போட்டுக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கூகுள் ஷீட்ஸிலோ எக்செல்லிலோ பெயர், அகலாங்கு (வடக்கு-தெற்கு நிலை), நெட்டாங்கு (கிழக்கு-மேற்கு நிலை), நேர்க்கோட்டுத் தூரம், சாலைத் தூரம், பயண நேரம் என ஆறு நிரல்களைப் போடுங்கள். கணினியில் மேப்ஸைத் திறந்து, வேண்டிய இடத்தின் மீது சுட்டியின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தினால், திறக்கும் பட்டியலின் முதல் வரியில் இரண்டு எண்கள் இருக்கும். அவற்றைச் சொடுக்கினால் நகலாகிவிடும். கைப்பேசியில் அந்த இடத்தை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், ஊசி குத்திய குறியோடு அதே எண்கள் வரும். முதல் எண் அகலாங்கு, இரண்டாவது நெட்டாங்கு. நம் பேராக்கில் முதல் எண் 3 முதல் 5 வரையில் தொடங்கும், இரண்டாவது 100 அல்லது 101 என்று தொடங்கும். ஆகவே இடம் மாறி ஒட்டிவிட்டால் பார்த்த உடனே தெரிந்துவிடும். புள்ளிக்குப் பின் 2 இலக்கம் இருந்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நுட்பம் கிடைக்கும், 4 இலக்கம் இருந்தால் சுமார் 11 மீட்டர். கடையைத் தேட 4 இலக்கம் தாராளம்.

இனித் தூரக் கணக்கு. உலகம் உருண்டை என்பதால் இதற்குக் கோள முக்கோணவியல் சூத்திரம் ஒன்று உண்டு. பூமியின் ஆரம் 6371 கிலோமீட்டர் என்று வைத்துச் சைன், கொசைன் எல்லாம் போட்டுக் கணக்கிடுவார்கள். ஆனால் நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கு இயற்கையே ஒரு சலுகை தந்திருக்கிறது. அகலாங்கில் ஒரு பாகை எங்கும் ஏறக்குறைய 111 கிலோமீட்டர்தான். நெட்டாங்கில் ஒரு பாகை, துருவத்தை நோக்கிப் போகப் போகச் சுருங்கும்; இலண்டனில் அது 69 கிலோமீட்டர் அளவே இருக்கும். நம் ஊரிலோ அதுவும் 111 கிலோமீட்டர்தான். ஆகவே பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றமே போதும்: அகலாங்கு வேறுபாட்டை 111ஆல் பெருக்குங்கள், நெட்டாங்கு வேறுபாட்டையும் 111ஆல் பெருக்குங்கள், இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பாகான் டத்தோ பட்டணம் 3.99, 100.79, தெலுக் இந்தான் 4.03, 101.02. அகலாங்கு வேறுபாடு 0.04, அதாவது 4.4 கிலோமீட்டர்; நெட்டாங்கு வேறுபாடு 0.23, அதாவது 25.5 கிலோமீட்டர். விடை ஏறக்குறைய 25.9 கிலோமீட்டர். இதேபோல் 4.22, 100.70 என்ற இடத்தில் உள்ள சித்தியவானுக்குப் போட்டால் 27.4 கிலோமீட்டர் வரும்.

அட்டவணையில் சூத்திரத்தை எழுதும்போது, வீட்டின் இரண்டு எண்களைத் தனிக் கட்டங்களில் வைத்து, அந்தக் கட்டங்களின் பெயரில் டாலர் குறியைச் சேர்த்துப் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது வீடும் வரிக்கு வரி நகர்ந்துகொண்டே போகும். வரிசைப்படுத்தும்போது தூர நிரலை மட்டும் தேர்ந்தெடுக்காமல் அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுங்கள். தூர நிரலை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால், ஓர் இடத்தின் தூரம் இன்னோர் இடத்தின் பெயரோடு போய் ஒட்டிக்கொள்ளும்; பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரிவதால் தவறு கடைசி வரை பிடிபடாது.

இப்போது மேலே வந்த இரண்டு விடைகளைத் திரும்பப் பாருங்கள். 25.9, 27.4: இடையே ஒன்றரைக் கிலோமீட்டர்தான் வேறுபாடு. அப்பாவுக்காக நான் முதன்முதலில் போட்ட பட்டியலில் இந்த இரண்டு ஊர்களும் அடுத்தடுத்து இருந்தன. எது கிடைத்தாலும் சரி என்று எண்ணி, இடம் காலியாக இருக்கிறதா என்று சித்தியவான் மையம் ஒன்றை முதலில் அழைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, “நடுவுல ஆறு இருக்கேப்பா, எப்படிப் போறது?” என்று கேட்டார். பேராக் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம் நமக்கும் சித்தியவானுக்கும் நடுவே விரிந்து கிடக்கிறது. காரில் போக வேண்டுமென்றால் ஊத்தான் மெலிந்தாங் வழியாகத் தெலுக் இந்தான் பக்கம் ஏறி, அங்கே பாலம் கடந்து, பிறகு மறுகரையில் மேற்கு நோக்கி நெடுந்தூரம் இறங்கி வர வேண்டும். நேர்க்கோட்டில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஊர்களில் ஒன்று, சாலையில் மற்றொன்றைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் விலகிவிடுகிறது.

அதனால் நேர்க்கோட்டு வரிசையை முதல் சல்லடையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் மேலே நிற்கும் ஏழெட்டு இடங்களுக்கு மேப்ஸில் வழி கேட்டு, சாலைத் தூரத்தையும் பயண நேரத்தையும் அடுத்த நிரல்களில் குறித்து, பயண நேரத்தை வைத்து மறுபடி வரிசைப்படுத்துங்கள். வழக்கமாகப் புறப்படும் மணி எதுவோ அந்த மணிக்கே வழி கேளுங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடும் நேரத்துக்கும் விடியற்காலைக்கும் நேரம் வேறுபடும். காட்டப்படும் வழியைப் பெரிதாக்கிப் பார்ப்பதும் அவசியம். தோட்டத்து உள்சாலைகளைப் பொதுச் சாலைபோல வரைபடம் காட்டும் இடங்கள் உண்டு. பகலில் திறந்திருக்கும் தோட்டத்துக் கேட்டு இரவில் பூட்டியிருக்கலாம், ஜாகா (காவலாளி) இல்லாமலும் இருக்கலாம். மாலைச் சிகிச்சை முடிந்து திரும்பும் நோயாளியை அந்தச் செம்மண் பாதையில் சிக்கவைத்துவிடக் கூடாது. அப்படிப்பட்ட வழி வந்தால் பெருஞ்சாலை வழியின் நேரத்தையே அட்டவணையில் எழுதுங்கள்.

ஊர்ச் சங்கத்துக்காகவோ ஆலயத்துக்காகவோ இடங்களின் விவரத் தொகுப்பு ஒன்றை இணையத்தில் அமைக்கும் இளைஞர்களுக்கும் இதே கணக்குத்தான் அடிப்படை. எலாஸ்டிக்சர்ச், சோலர் போன்ற தேடல் மென்பொருள்களில் தூரத்தை வைத்து வரிசைப்படுத்தும் வசதி ஆயத்தமாகவே உள்ளது. முதலில் 50 கிலோமீட்டர் போன்ற ஓர் எல்லைக்குள் வடிகட்டி, எஞ்சியவற்றை மட்டும் வரிசைப்படுத்தினால் வேகம் குறையாது. எண்களை எந்த ஒழுங்கில் கொடுக்கிறோம் என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். எலாஸ்டிக்சர்ச்சில் இடத்தைக் காற்புள்ளியிட்ட ஒரே எழுத்துச் சரமாகக் கொடுத்தால் அகலாங்கு முதலில் வர வேண்டும். அடைப்புக்குறிப் பட்டியலாகக் கொடுத்தால் நெட்டாங்கு முதலில் வர வேண்டும். மலேசிய இடங்களில் இது மாறிப்போனால் அகலாங்கு 90ஐத் தாண்டிவிடுவதால் மென்பொருளே மறுத்துவிடும். சென்னை முகவரிகளையும் சேர்த்திருந்தால் அந்தக் காவல் கிடையாது: அங்கே நெட்டாங்கு 80தான், ஆகவே கடை சத்தமில்லாமல் வடதுருவப் பக்கம் போய்விடும். எல்லாவற்றையும் ஏற்றி முடித்ததும் பாகான் டத்தோவை மையமாக வைத்து ஒருமுறை தேடிப் பாருங்கள். தெலுக் இந்தான் 26 கிலோமீட்டரை ஒட்டியும் சித்தியவான் 27 கிலோமீட்டரை ஒட்டியும் வந்தால் எண்கள் சரியான ஒழுங்கில் ஏறியிருக்கின்றன. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் இடங்களுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பை நீங்களே சேர்த்துவிடுங்கள்.