எலக்ட்ரானின் அலைச்சார்பை வரைவது எப்படி?

எலக்ட்ரானின் குவாண்டம் நிலையை விவரிக்கும் சார்புதான் அலைச்சார்பு. அதை வரையப் பென்சிலை எடுத்ததும் சைன் அலையைப் போட்டுவிடாதீர்கள். முதலில் நிலையாற்றல் கிணற்றை, அதாவது எலக்ட்ரானைச் சிறைப்படுத்தும் தாழ்வான நிலையாற்றல் பகுதியை வரையுங்கள், அதன் மேல் எலக்ட்ரானின் மொத்த ஆற்றலை ஒரு கிடைக்கோடாக இழுங்கள். அந்தக் கோடு எங்கெல்லாம் நிலையாற்றலுக்கு மேலே இருக்கிறதோ அங்கெல்லாம் அலைச்சார்பின் வளைகோடு அச்சை நோக்கி வளையும், அதனால் அலையாக ஏறி இறங்கும். கீழே இருக்கும் இடங்களில் அச்சை விட்டு விலகி வளையும். எலக்ட்ரான் கிணற்றுக்குள் சிக்கியிருக்கும் கட்டுண்ட நிலை என்பதால் அங்கே மெல்லத் தேய்ந்து பூஜ்யத்தை நெருங்கும். வரைய உட்காருபவருக்கு, அலைச்சார்பைத் தீர்மானிக்கும் ஷ்ரோடிங்கர் சமன்பாடு சொல்வது இவ்வளவுதான்.

சரி, ஒன்று வரைந்து பார்ப்போம். கிணற்றின் தரை இடப்பாதியில் தாழ்வு, வலப்பாதியில் கொஞ்சம் உயரம், ஆற்றல் கோடு இரண்டுக்கும் மேலே. கீழிருந்து மூன்றாம் ஆற்றல் நிலை வேண்டுமென்றால் உள்ளே இரண்டு கணுக்கள், அதாவது கோடு இரண்டு முறை அச்சைக் கடக்கும். இடப்பக்கம் இயக்க ஆற்றல் அதிகம், அலைநீளம் குறைவு, எனவே நெருக்கி வரையுங்கள். வலப்பக்கம் இழுத்து நீட்டுங்கள். வீச்சில்தான் பலரும் தவறுகிறார்கள், ஆழமான பக்கம் உயரமாக இருக்கும் என்று நினைத்து. பொதுவாக அது நேர் எதிர்: வேகமாகக் கடக்கும் இடத்தில் தங்கும் நேரம் குறைவு, அதனால் வீச்சும் அங்கேதான் சிறியது.

அப்புறம் சுவர். அது முடிவுள்ள உயரம் கொண்டதென்றால் கோட்டைச் சுவரிலேயே பூஜ்யமாக்கி நிறுத்தாதீர்கள். அங்கே சாய்வு முறியாது, வளையும் பக்கம் மட்டும் மாறும், பிறகு வால் வெளியே நீளும். ஆற்றல் சுவரின் உயரத்தைவிட 1 எலக்ட்ரான் வோல்ட் குறைவாக இருந்தால் சுமார் 0.2 நானோமீட்டருக்குள் அலைச்சார்பு 37 சதவீதமாகச் சுருங்கிவிடும். முடிவில்லா உயரச் சுவராக இருந்தால் மட்டுமே கோடு அங்கேயே முடியும்.

வரைந்த பிறகு அதன் வர்க்கத்தையும் கீழே வரையுங்கள். 1926-இல் மாக்ஸ் போர்ன் தந்த விளக்கப்படி எலக்ட்ரானைக் கண்டுபிடிக்கும் நிகழ்தகவு அடர்த்தி அதுதான். அச்சுக்குக் கீழே இறங்கிய பகுதியும் வர்க்கத்தில் மேலே வந்துவிடும், ஆகவே கீழே இருப்பதால் அங்கே எலக்ட்ரான் இல்லை என்று படிக்க வேண்டாம். கணுவில் அடர்த்தி பூஜ்யம் என்றால் அதைத் தாண்டி மறுபக்கம் எப்படிப் போகிறது என்று கேட்கத் தோன்றும், நல்ல கேள்விதான். ஆனால் நீங்கள் வரைந்தது எலக்ட்ரான் ஓடும் பாதை இல்லை. கணுவின் இரு பக்கமும் சேர்ந்து பரவியிருப்பதுதான் அந்த ஒரே நிலை.